முதலில் எர்த்தைப் பாருங்கள்: பாடசாலை வேனின் வெளிவிளக்குகளைப் பராமரிக்கும் முறை

சாரதி ஆசனத்தில் இருந்துகொண்டு பார்த்தால் பிரேக் லைட் எரிகிறதா என்று தெரியாது. பின் பார்க் லைட்டும் தெரியாது, இலக்கத் தகட்டு லைட்டும் தெரியாது. ஹெட் லைட்டையும் ரிவர்ஸ் லைட்டையும் விட்டால், வேனுக்கு வெளியே இருக்கும் விளக்குகள் எல்லாம் பிறர் பார்ப்பதற்காகவே பொருத்தப்பட்டவை. பின்னால் வரும் மோட்டார் சைக்கிள்காரர், எதிரே வரும் லொறிச் சாரதி, பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு வீதியைக் கடக்க நிற்கும் தாய், இவர்கள் கண்ணில் படாத விளக்கு இருந்தும் பயனில்லை. பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இதுதான்: கீழே இறங்குங்கள், வேனைச் சுற்றி நடந்து பாருங்கள்.

இரண்டாவதாகச் சொல்வது, மட்டக்களப்பில் ஒரு விளக்கு எரியாவிட்டால் பல்பைச் சந்தேகிக்குமுன் எர்த்தை, அதாவது விளக்கின் மின்சாரம் வேனின் உடம்பு வழியாகத் திரும்பிப் போகும் இணைப்பை, சந்தேகியுங்கள் என்பது. கிழக்கே கடல். நடுவில் 56 கிலோமீற்றர் நீளத்துக்குக் கிடக்கும் வாவி. ஏறாவூரிலிருந்து காத்தான்குடி, களுவாஞ்சிகுடி, கல்முனை, அக்கரைப்பற்று வரைக்கும் நம் பிரதான வீதி கடலையும் நீரையும் அண்டியே போகிறது. அந்த உப்புக் காற்று பல்ப் ஹோல்டருக்குள்ளும் போகும், வயரின் உறைக்குள்ளும் போகும். செம்புக் கம்பி பச்சை பூக்கும், இரும்பு ஆணி துரு கட்டும். மலைநாட்டில் ஓடிய வேனை வாங்கி வந்து இங்கே ஓடவிடுகிறவர்கள், இரண்டு மாரி கழிவதற்குள் பின்விளக்குகளில் கோளாறைக் காண்கிறார்கள்.

இதை நான் கற்றுக்கொண்ட விதத்தைச் சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன் என் வேனின் பின்பக்க இடது சிக்னல் அடிக்கடி மங்கும். ஒரே மாதத்தில் மூன்று பல்ப் மாற்றினேன். மாற்றியதும் இரண்டு நாள் எரியும், பிறகு மங்கிவிடும். ஒருநாள் காலை ஆரையம்பதிப் பக்கம் வேனை இடது ஓரமாக ஒதுக்கி நிறுத்தினேன். கதவு திறந்தது. இரண்டாம் ஆண்டுப் பிள்ளை ஒன்று காலை வெளியே வைத்த அதே நொடியில், வேனுக்கும் வீதி ஓரத்துக்கும் இடையிலிருந்த இடைவெளியால் ஒரு மோட்டார் சைக்கிள் உரசிக்கொண்டு போனது. என் உதவியாளர் பிள்ளையின் புத்தகப் பையைப் பிடித்து இழுத்ததால் தப்பியது. சற்றுத் தள்ளி நிறுத்திவிட்டுத் திரும்பி வந்த அந்த இளைஞர், “அண்ணன், சிக்னல் தெரியவே இல்லை” என்றார். அவர் சொன்னது உண்மை. அன்று மாலை வயரிங் பாஸ் ஒருவர் பின்விளக்கைக் கழற்றி, அதன் எர்த் வயர் பூட்டியிருந்த ஆணியைக் காட்டினார். ஆணியைச் சுற்றி முழுவதும் துரு. பல்ப் மூன்றும் நல்ல பல்ப். இன்னும் எரியக்கூடிய நிலையில் வீட்டில் வைத்திருக்கிறேன்.

காலைச் சுற்று

பாடசாலை 7.30க்குத் தொடங்குகிறது. கொக்கட்டிச்சோலை, வவுணதீவுப் பக்கமிருந்து நகரத்துப் பாடசாலைகளுக்குப் பிள்ளைகளை ஏற்றுகிறவர் 6 மணிக்கு முன்பே புறப்பட வேண்டியிருக்கும். மார்கழியிலும் தையிலும் சூரியன் 6 மணிக்குப் பிறகுதான் எழுகிறது. அதற்கு மேல் மழை இருட்டு. ஆகவே முதல் பிள்ளையின் வீட்டுக்குப் போகுமுன் ஐந்து நிமிடத்தை விளக்குகளுக்கென்று ஒதுக்குங்கள்.

முதல் வேலை, ஈரத்துணியால் எல்லா விளக்குகளின் கண்ணாடியையும் துடைப்பது. பனி, சேறு, கச்சான் வீசும் காலத்துப் புழுதி எல்லாம் பின்விளக்கில்தான் வந்து படியும். வேன் ஓடும்போது பின்பக்கத்தில் சுழலும் காற்று புழுதியை அங்கே கொண்டுவந்து ஒட்டுகிறது. அதனால் முன்பக்கம் சுத்தமாக இருந்தாலும் பின்பக்கம் மூடிப்போயிருக்கும். பின்னால் இருக்கும் சிவப்பு ரிஃப்ளெக்டர்களையும் சேர்த்துத் துடையுங்கள். பல்ப் எல்லாம் போய்விட்டாலும் பிறர் வெளிச்சத்தில் மின்னுவது அது ஒன்றுதான்.

பிறகு சாவியைத் திருப்பி, எப்போதும் ஒரே வரிசையில் பாருங்கள். நான் முன்னாலிருந்து தொடங்கி வலஞ்சுழியாகப் போவேன். பார்க் லைட், ஹெட் லைட்டின் தாழ்ந்த ஒளி, உயர்ந்த ஒளி, இடது சிக்னல், வலது சிக்னல், நான்கும் சேர்ந்து மின்னும் ஹசார்ட், பின் பார்க் லைட், இலக்கத் தகட்டு லைட், பிரேக் லைட், ரிவர்ஸ் லைட். சிக்னல்களில் கதவோரமாகவோ கண்ணாடியிலோ இருக்கும் சிறிய பக்க விளக்கையும் மறக்க வேண்டாம். உங்களுக்கு அருகாக, சமாந்தரமாகச் சைக்கிளில் வருகிறவர் பார்ப்பது அதைத்தான்.

உதவியாளர் இருந்தால் அவரைப் பின்னால் நிறுத்தி, ஒவ்வொன்றின் பெயரையும் சத்தமாகச் சொல்லச் சொல்லுங்கள். “எல்லாம் சரி” என்ற பதிலை ஏற்காதீர்கள். “பிரேக் இடது எரிகிறது, பிரேக் வலது எரிகிறது, மேல் பிரேக் எரிகிறது” என்று ஒன்றொன்றாகச் சொல்ல வேண்டும். தனியாக இருந்தால் வேனின் பின்பக்கத்தை ஒரு வெள்ளைச் சுவருக்கு நேரே கொண்டுபோய் நிறுத்தி, பெடலை மிதித்துக் கண்ணாடியில் பாருங்கள். சுவரில் இரண்டு சிவப்பு வட்டம் தெரிய வேண்டும். சுவர் இல்லாத இடத்தில், ஆசனத்தின் முன்விளிம்புக்கும் பிரேக் பெடலுக்கும் இடையில் சரியாகப் பொருந்தும் நீளத்தில் ஒரு பொல்லை வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். பொல்லை முட்டுக்கொடுத்துவிட்டு இறங்கிப் போய்ப் பார்க்கலாம். பார்த்து முடிந்ததும் பொல்லை எடுத்துவிட்டுத்தான் இன்ஜினை இயக்க வேண்டும்.

எரிகிறதா என்று மட்டும் பார்த்தால் போதாது. இடதும் வலதும் ஒரே அளவு பிரகாசமா என்று பாருங்கள். என் வேனில் அந்தச் சிக்னல் எரிந்துகொண்டுதான் இருந்தது. மங்கலாக எரிந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

காலையில் வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையிலிருந்து கிழக்கே உள்ள எழுவான்கரைக்கு வரும் வீதிகளில் இன்னொரு விடயம் உண்டு. உதிக்கும் சூரியன் முகத்துக்கு நேரே நிற்கும். உங்கள் பின்னால் வருகிறவர் கண் கூச, சூரியனுக்கு முன்னால் கறுப்பு நிழலாகத் தெரியும் உங்கள் வேனைத்தான் பார்ப்பார். மண்முனைப் பாலத்திலோ வலையிறவுப் பாலத்திலோ காலை 6.45க்கு ஒரு வாகனத்தின் பின்னால் போய்ப் பாருங்கள். மங்கிய பிரேக் லைட் அந்த நேரத்தில் கண்ணுக்கே தெரியாது. வெயில் இருக்கிறதே, விளக்கு எதற்கு என்று நினைக்கிறவர்கள் ஒருமுறை அப்படிப் போய்ப் பார்த்தால் போதும்.

பல்ப் வாங்குமுன்

உங்கள் வாகனம் 12 வோல்ட்டா 24 வோல்ட்டா என்று தெரிந்துகொள்ளுங்கள். ஹையேஸ், கரவன் போன்ற வேன்கள் 12 வோல்ட். லேலண்ட் பஸ்ஸும் றோசா போன்ற நடுத்தர பஸ்ஸும் பெரும்பாலும் 24 வோல்ட். பற்றரியின் எண்ணிக்கையைப் பார்த்து முடிவுசெய்யக் கூடாது. ஜப்பானில் குளிர்ப் பிரதேசத்துக்கென்று செய்த டீசல் ஹையேஸில் இரண்டு பற்றரி இருக்கும், ஆனால் அவை சமாந்தரமாக இணைக்கப்பட்டவை. அது 12 வோல்ட்தான். பழைய பல்பின் அடியில் பொறித்திருக்கும் எண்ணைப் படியுங்கள், அதுதான் நம்பத்தக்கது. 24 வோல்ட் வாகனத்தில் 12 வோல்ட் பல்பைப் போட்டால் உடனே எரிந்துபோகும். 12 வோல்ட் வேனில் 24 வோல்ட் பல்பைப் போட்டால் மங்கலாக எரியும். இரண்டாவதுதான் ஆபத்து. எரிகிறது என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருப்பீர்கள்.

பின்விளக்கில் பார்க்கும் பிரேக்கும் ஒரே பல்பில் இருந்தால் அதற்குள் இரண்டு இழை இருக்கும். ஒன்று 5 வாட், மற்றது 21 வாட். அந்தப் பல்பின் அடியில் இருக்கும் இரண்டு முளைகளும் ஒரே உயரத்தில் இருக்காது. ஒன்று மேலே, ஒன்று கீழே. ஹோல்டரில் ஒரு திசையில் மட்டுமே அது உட்காரும். அவசரத்தில் திருப்பி அழுத்திப் பூட்டிவிட்டால் இழைகள் மாறி, பார்க் லைட் பிரேக் லைட் மாதிரி எரியும், பிரேக்கை மிதித்தால் 5 வாட் இழை மட்டும் எரியும். பின்னால் வருகிறவருக்கு நீங்கள் நிறுத்துவது விளங்காது. பல்ப் இலகுவாக உட்காரவில்லை என்றால் திருப்பிப் போட்டுப் பாருங்கள், பலம் பிரயோகிக்க வேண்டாம்.

சிக்னலுக்கு 21 வாட் பல்ப். விளக்கின் கண்ணாடி செம்மஞ்சளாக இருந்தால் உள்ளே வெள்ளைப் பல்ப் போதும். கண்ணாடி வெள்ளையாக இருந்தால் பல்ப் செம்மஞ்சளாக இருக்க வேண்டும். இங்கே வெள்ளைக் கண்ணாடிக்குள் வெள்ளைப் பல்பைப் போட்டுவிட்டு ஓடும் வேன்களைப் பார்க்கிறேன். வெள்ளையாக மின்னும் சிக்னல் பகல் வெயிலில் எவர் கண்ணிலும் படாது. முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு, திரும்புவதற்குச் செம்மஞ்சள். இந்த மூன்று நிறத்தையும் வீதியில் போகும் ஒவ்வொருவரும் யோசிக்காமலே வாசிக்கிறார்கள். அதைக் குழப்ப நமக்கு உரிமை இல்லை.

ஹெட் லைட்டின் ஹாலஜன் பல்பைக் கண்ணாடியில் தொடாதீர்கள். விரலின் எண்ணெய் பட்ட இடம் மட்டும் அதிகமாகச் சூடேறி, பல்பின் ஆயுளைக் குறைக்கிறது. சுத்தமான துணியால் அடியைப் பிடித்துப் போடுங்கள். கண்ணாடி கறுத்துப்போன பல்ப் எரிந்தாலும் அதை மாற்றிவிடுங்கள். அதன் இழை தேய்ந்துவிட்டது. ஒரு பக்கம் போனால் மறுபக்கமும் அதே அளவு ஓடியிருக்கும். அதனால் ஹெட் லைட்டுகளை இரண்டாகவே மாற்றுவது என் பழக்கம்.

எர்த்

பற்றரியின் நேர் முனையிலிருந்து மின்சாரம் வயர் வழியாக விளக்குக்குப் போகிறது. திரும்பி வருவதற்கு நீண்ட வயர் கிடையாது. விளக்கின் பக்கத்திலேயே சிறு வயர் ஒன்று வேனின் உடம்பில் ஆணியால் பூட்டப்பட்டிருக்கும். அங்கிருந்து உடம்பின் இரும்பு வழியாகவே மின்சாரம் பற்றரியின் எதிர் முனைக்குத் திரும்புகிறது. அந்த ஆணியைத்தான் எர்த் என்கிறோம். அது துருப்பிடித்தால் திரும்பும் வழி அடைபடுகிறது. மின்சாரம் வேறு வழி தேடும். பக்கத்து விளக்கின் இழை வழியாகப் போய், அந்த விளக்கின் எர்த்தால் வெளியேறப் பார்க்கும். அதனால்தான் எர்த் கோளாறின் அடையாளங்கள் புதியவருக்குப் பேய் பிடித்தது போல் தோன்றும். சிக்னல் போட்டால் பார்க் லைட்டும் சேர்ந்து மின்னும். பிரேக் மிதித்தால் பார்க் லைட் அணையும். பிரேக் லைட் எரிய வேண்டிய இடத்தில் எல்லா விளக்கும் சேர்ந்து மங்கலாகச் சிவக்கும். இவற்றில் எதைக் கண்டாலும் பல்பை மாற்றிக்கொண்டிருக்காதீர்கள்.

உறுதிசெய்ய ஒரு எளிய வழி உண்டு. ஒரு மீற்றர் நீளமான வயரை எடுத்து இரண்டு முனையையும் உரித்துக்கொள்ளுங்கள். ஒரு முனையைப் பெயின்ட் இல்லாத, சுத்தமான உடம்பு இரும்பில் அழுத்திப் பிடியுங்கள். மற்ற முனையை மங்கும் விளக்கின் எர்த் வயரில் அல்லது ஹோல்டரின் உலோக உடலில் தொடுங்கள். சட்டென்று விளக்கு பிரகாசமானால் கள்ளன் அகப்பட்டான். மல்டிமீற்றர் இருந்தால் விளக்கை எரியவிட்டு, ஹோல்டரின் எர்த்துக்கும் பற்றரியின் எதிர் முனைக்கும் இடையில் அளந்து பாருங்கள். கிட்டத்தட்டப் பூச்சியம் காட்ட வேண்டும். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்த வழியில் அடைப்பு இருக்கிறது.

திருத்தும்போது பொறுமை வேண்டும். முதலில் பற்றரியின் எதிர் முனையைக் கழற்றிவையுங்கள். எர்த் ஆணியைக் கழற்றி, அது அமரும் இடத்தைச் சாண்ட் பேப்பரால் தேயுங்கள். துருவும் பெயின்ட்டும் போய் இரும்பு வெள்ளியாக மின்னும்வரை தேய்க்க வேண்டும். பாதியில் நிறுத்தினால் அடுத்த மாரிக்குள் திரும்பத் தேய்க்க வேண்டிவரும். பிறகு வயரின் முனையைப் பாருங்கள். உறையைக் கொஞ்சம் உரித்தால் உள்ளே செம்பு கறுத்தோ பச்சையாகவோ இருக்கும். செம்பு செம்பாகத் தெரியும் இடம்வரை வெட்டிக்கொண்டே போங்கள். சில வேளைகளில் ஒரு சாண் நீளம் போய்விடும். வயர் குறைந்தால் புதுத் துண்டைப் பற்றுவைத்து நீட்டி, சூட்டில் சுருங்கும் குழாயால் மூடுங்கள். முறுக்கி டேப் சுற்றுவது ஒரு நாள் வேலைக்குப் போதும். உப்புக் காற்று அந்த டேப்புக்குள் புகுந்து அங்கேயே ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். புது வளைய முனையை அழுத்திப் பொருத்தி, புது ஆணியால் இறுக்கமாகப் பூட்டிய பிறகு, அதன் மேல் வாஸ்லினோ கிறீஸோ தாராளமாகப் பூசுங்கள். இறுக்கிய பிறகு பூச வேண்டும் என்பதைக் கவனியுங்கள்.

வயரைத் திரும்பக் கட்டும்போது விளக்குக்குள் நுழையும் இடத்துக்குச் சற்றுக் கீழே தொங்கும்படி ஒரு வளைவு விடுங்கள். வயர் வழியாக வடியும் மழைநீர் அந்த வளைவின் அடியில் சொட்டிவிடும், விளக்குக்குள் போகாது. செலவே இல்லாத இந்த வேலைதான் அதிக விளக்குகளைக் காப்பாற்றியிருக்கிறது என்று நினைக்கிறேன்.

மற்றக் கோளாறுகள்

சிக்னல் வழக்கத்தைவிட வேகமாக “டக் டக்” என்று அடித்தால் அந்தப் பக்கத்தில் ஒரு பல்ப் போய்விட்டது என்று பொருள். நிமிடத்துக்கு 60 முதல் 120 முறைக்குள் மின்னுவதே சரியான வேகம். எல்.ஈ.டி பல்பைச் சிக்னலில் போட்டாலும் அந்த அதிக வேகம் வரும், ஏனென்றால் அது எடுக்கும் மின்சாரம் மிகக் குறைவு. சிக்னலை மின்னவைக்கும் பிளாஷர் ரிலே, பல்ப் போய்விட்டதாக எண்ணிக்கொள்கிறது. எல்.ஈ.டிக்குப் பொருந்தும் பிளாஷரை மாற்றினால் சரியாகும்.

இரண்டு சிக்னலும் வேலை செய்யவில்லை, ஆனால் ஹசார்ட் வேலை செய்கிறது என்றால், முதலில் சிக்னலின் பியூஸைப் பாருங்கள். பியூஸ் நன்றாக இருந்தால் ஹசார்ட் பட்டனைப் பத்துப் பதினைந்து முறை அழுத்தி எடுங்கள். பல ஜப்பான் வேன்களில் சிக்னலுக்கான மின்சாரம் அந்தப் பட்டனின் வழியாகத்தான் போகிறது. உள்ளே படிந்த அழுக்கு விலகினால் சிக்னல் உயிர்பெறும். அப்படி உயிர்பெற்றால் பட்டனை விரைவில் மாற்றிவிடுங்கள், அது திரும்பவும் ஏமாற்றும்.

பிரேக் லைட் ஒரு பக்கம் மட்டும் எரியாவிட்டால் பல்ப் அல்லது எர்த். இரண்டு பக்கமும் எரியாவிட்டால் பியூஸ் அல்லது பெடலின் மேலே இருக்கும் சுவிட்ச். அந்தச் சுவிட்ச் சிறியது, மலிவானது, பெடலுக்குக் கீழே தலையை விட்டுப் பார்த்தால் தெரியும்.

இலக்கத் தகட்டு லைட்டும் மேல் பிரேக் லைட்டும் பின்கதவில் இருக்கும் வேன்களில், கதவு மேலே மடங்கும் இடத்தில் ஒரு ரப்பர் குழாய் உண்டு. அதற்குள் ஓடும் வயர்கள் கதவைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் வளைகின்றன. பிள்ளைகளின் பைகளை வைப்பதற்காக ஒரு நாளில் பலமுறை திறக்கும் கதவு அது. கதவை மேலும் கீழும் அசைக்கும்போது விளக்கு எரிந்து அணைந்தால் வயர் அங்கேதான் ஒடிந்திருக்கிறது.

ஒரே பல்ப் திரும்பத் திரும்ப எரிந்துபோகிறது, எர்த்தும் நன்றாக இருக்கிறது என்றால் இன்ஜின் ஓடும்போது பற்றரியை அளந்து பாருங்கள். 12 வோல்ட் வேனில் 13.8 முதல் 14.4 வரை இருக்கலாம். 15ஐத் தாண்டினால் மின்பிறப்பாக்கியின் கட்டுப்படுத்தி கெட்டிருக்கிறது. அது பல்போடு நிற்காது, பற்றரியையும் கொண்டுபோகும்.

பியூஸின் நிறமே அதன் அளவு. சிவப்பு 10 அம்பியர், நீலம் 15, மஞ்சள் 20, பச்சை 30. 10 போன இடத்தில் 10 மட்டுமே போட வேண்டும். திரும்பவும் போனால் எங்கோ வயர் உரிந்து உடம்பில் தொடுகிறது, அதைத் தேடுங்கள். 10 போன இடத்தில் 30 போட்டு ஓட்டுவதும், சிகரட் பெட்டித் தாளைச் சுற்றிப் போடுவதும் நம் ஊரில் நடக்கிற காரியங்கள். பியூஸ் எரிய வேண்டிய நேரத்தில் வயர் எரியும். அந்த வயர் பிள்ளைகளின் ஆசனத்துக்குக் கீழே ஓடுகிறது. இதைப் பற்றி எவரோடும் சமரசம் பேச எனக்கு விருப்பமில்லை.

அலங்கார விளக்குகளும் அப்படியே. முன்னால் சிவப்பும் நீலமும் மின்னும் பட்டிகளைக் கட்டுவது அழகாகத் தோன்றலாம். எதிரே வருகிறவருக்கு அது அம்புலன்ஸா, வேனின் பின்பக்கமா என்று விளங்காது. அந்தப் பட்டிக்கு மின்சாரம் எடுக்க யாரோ பின்விளக்கு வயரை உரித்து முறுக்கியிருப்பார்கள். பழைய வேனை வாங்கினால் முதலில் இந்த முறுக்கல்களை எல்லாம் தேடி அவிழ்த்து, உரித்த இடங்களைப் பற்றுவைத்து மூடுங்கள்.

ஹெட் லைட்டின் உயரம்

சமதளமான இடத்தில், சுவரிலிருந்து 5 மீற்றர் தள்ளி வேனை நிறுத்துங்கள். பல்பின் நடு, நிலத்திலிருந்து எவ்வளவு உயரம் என்று அளந்து சுவரில் அதே உயரத்தில் ஒரு கோடு போடுங்கள். தாழ்ந்த ஒளியின் மேல் விளிம்பு அந்தக் கோட்டுக்கு 5 சென்றிமீற்றர் கீழே விழ வேண்டும். நாம் இடது பக்கம் ஓடுகிறவர்கள், ஆகவே ஒளி இடது பக்கத்தில் கொஞ்சம் மேலே ஏறியிருப்பது சரி. வீதியோரத்தில் நடக்கிறவர் தெரிவதற்காக அப்படி அமைக்கப்பட்டிருக்கிறது. வலது பக்கத்தில் ஏறியிருந்தால் பிழை.

இங்கே பெரும்பாலானவர்கள் தவறவிடும் ஒன்று உண்டு. வெறும் வேனில் அளந்தால் கணக்குப் பிழைக்கும். பிள்ளைகளும் பைகளும் பின்பாதியில் ஏறியதும் பின்பக்கம் தாழ்ந்து மூக்கு நிமிரும். ஒளி நேரே எதிரே வருகிறவரின் கண்ணுக்குப் போகும். ஆகவே வழக்கமான சுமையை ஏற்றிவிட்டு அளவு பாருங்கள். பிள்ளைகளை நிறுத்திவைக்க வேண்டாம், நெல் மூடை நாலைந்தைப் பின் ஆசனங்களில் வைத்தால் போதும். உங்கள் வேனில் ஒளியைத் தாழ்த்தும் சிறு சக்கரம் இருந்தால் அதைப் பயன்படுத்தப் பழகுங்கள். அதிகாலையில் வயலுக்குச் சைக்கிளில் போகிற விவசாயியின் கண்ணைக் கூசவைத்துவிட்டுப் போவது நமக்கு அழகில்லை. வீதியில் படுத்திருக்கும் மாட்டை அவரும் பார்க்க வேண்டும்.

ஹாலஜனுக்கென்று செய்த ஹெட் லைட்டுக்குள் எல்.ஈ.டி பல்பைப் போடுவதை நான் ஆதரிப்பதில்லை. ஒளி புறப்படும் புள்ளி மாறுவதால் வெளிச்சம் சிதறுகிறது. ஓட்டுகிறவருக்குப் பளிச்சென்று தெரியும், எதிரே வருகிறவர் குருடாவார். மஞ்சளித்துப்போன கண்ணாடியைச் சுத்தம் செய்தாலே பழைய பல்ப் எவ்வளவு வெளிச்சம் தருகிறது என்று வியப்பீர்கள். 800, 1500, 2000 என்ற வரிசையில் சாண்ட் பேப்பரைத் தண்ணீர் விட்டுத் தேய்த்து, மெருகேற்றி, வெயில் தாங்கும் பூச்சு ஒன்றைப் பூசிவிடுங்கள். பூச்சில்லாமல் விட்டால் நம் வெயிலுக்குச் சில மாதங்களில் திரும்பவும் மஞ்சளிக்கும்.

நிறுத்தும்போது

அமெரிக்காவில் பாடசாலை பஸ் நின்று சிவப்பு விளக்குகளை மாறி மாறி மின்னவிட்டால் மற்ற வாகனங்கள் நிற்க வேண்டும் என்பது சட்டம். நம் வேன்களில் அத்தகைய விளக்கு இல்லை. நமக்கு இருப்பது இடது சிக்னல், பிரேக், ஹசார்ட். இவற்றை ஒழுங்காகப் பேசவைத்தால் நிறையவே சொல்லலாம். ஒதுங்குவதற்கு முன் இடது சிக்னல். முழுவதாக நின்ற பிறகு ஹசார்ட். உதவியாளர் முதலில் இறங்கிப் பின்பக்கம் பார்த்த பிறகு கதவால் பிள்ளைகள். கதவு பூட்டியதும் ஹசார்ட்டை அணைத்துவிட்டு வலது சிக்னல். ஹசார்ட் மின்னிக்கொண்டிருக்கும்போது நீங்கள் போடும் வலது சிக்னல் எவருக்கும் தெரியாது. ஹசார்ட்டோடே புறப்பட்டு வீதிக்குள் நுழைகிற பழக்கம் நம்மில் நிறையப் பேருக்கு இருக்கிறது. இன்றைக்கே விட்டுவிடுங்கள்.

வழியில் பிரேக் லைட் இரண்டும் போய்விட்டால் பிள்ளைகளோடு தொடர்ந்து ஓடாதீர்கள். வீதியை விட்டு நன்றாக ஒதுங்கி, பியூஸைப் பாருங்கள். அங்கேயே திருத்த முடியாவிட்டால் பெற்றோருக்கும் பாடசாலைக்கும் சொல்லி வேறு வேனை வரவழையுங்கள். முதல் பாடம் தவறியதற்காக எந்தத் தாயும் உங்களைக் குறைசொல்ல மாட்டார்.

இதற்காக வேனில் ஒரு சிறு பெட்டி வைத்திருங்கள். ஒவ்வொரு வகைப் பல்பிலும் ஒன்று, பியூஸ் ஒவ்வொரு நிறத்திலும் இரண்டு, ஒரு மீற்றர் வயர், டேப், திருப்புளி, டோர்ச், பழைய துணி. கூடவே ஒரு கொப்பி. எந்த விளக்கில் எப்போது என்ன மாற்றினேன் என்று எழுதுங்கள். என் வேனில் ஒரே சிக்னலுக்கு மூன்று பல்ப் மாற்றியதை எழுதி வைத்திருந்தால், இரண்டாவது பல்பிலேயே எர்த்தைத் தேடியிருப்பேன்.

மாரிக்கு முன்

புரட்டாதி கடைசியில் அல்லது ஐப்பசி தொடக்கத்தில் ஒரு சனிக்கிழமையை ஒதுக்கி, எல்லா விளக்கையும் கழற்றுங்கள். கண்ணாடியைச் சுற்றியிருக்கும் ரப்பர் வெடித்திருந்தால் மாற்றுங்கள். விளக்கின் அடியில் தண்ணீர் வடியும் சிறு துளை இருந்தால் மண் அடைத்திருக்கும், ஈர்க்கினால் குத்தித் திறவுங்கள். அதைச் சிலிக்கனால் அடைத்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். உள்ளே போன நீர் வெளியேற வழியில்லாமல் ஹோல்டரைத் தின்னும். எல்லா எர்த் ஆணியையும், நன்றாக இருப்பவற்றையும் சேர்த்து, கழற்றித் தேய்த்து, இறுக்கிப் பூட்டிய பிறகு வாஸ்லின் பூசுங்கள்.

வெள்ளத்தில் ஓட நேர்ந்தால் அன்றைக்கே பின்விளக்குகளைத் திறந்து நல்ல தண்ணீரால் கழுவிக் காயவிடுங்கள். வேனை வாவிக்கரையில் இறக்கிக் கழுவும் வழக்கத்தைக் கைவிடுங்கள். உவர் நீரைக் கையால் அள்ளி எர்த் ஆணியில் ஊற்றுவதற்குச் சமம் அது. கிணற்றுத் தண்ணீர் நான்கு வாளி போதும், கடைசி வாளியைப் பின்பக்கத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.